அம்மான் இடத்தில் ஷ்யாமளா

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஷ்யாமளாவின் கையைப் பார்த்து ஏழு பேர் சிரித்தார்கள். ஏழு பேர் என்று அவள் எண்ணியே வைத்திருக்கிறாள். ஏழாவது ஆள் அவளுடைய சொந்த அக்கா வந்தனா.

திலக் நகரில், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மானசாவின் கல்யாணத்துக்கு ஜாபிதா போட்டுக்கொண்டிருந்தார்கள். மானசா வந்தனாவின் ஒரே பெண். ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அதே கம்பெனியில் அவளுக்கு எதிர் சீட்டில் உட்காரும் நகுல்தான் மாப்பிள்ளை. ஆவணியில் முகூர்த்தம், மாட்டுங்காவில் மண்டபம். மேளம், பட்சணம், வருகிறவர்களுக்குத் தங்க இடம் என்று எல்லாவற்றையும் ஒரு வழியாக எழுதி முடித்துவிட்டு, வந்தனா பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டாள்:

"மாலை மாத்தறச்சே மானசாவைத் தூக்கறது யாரு?"

அந்த வீட்டில் அது லேசான கேள்வி இல்லை. மாலை மாற்றும்போது பெண்ணை அவளுடைய அம்மான், அதாவது அம்மாவோடு பிறந்தவன், தூக்கிக்கொள்ள வேண்டும். எதிரே மாப்பிள்ளையை அவனுடைய அம்மான் தூக்குவார். இவர்கள் மாலையை நீட்டினால் அவர்கள் உயரப் போவார்கள், அவர்கள் நீட்டினால் இவர்கள் விலகுவார்கள், கூட்டம் கூச்சல் போடும். பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும், மலையாளம் கலந்த பேச்சில் பாதியைத் தொலைத்தும், இந்தக் கூத்தை மட்டும் அந்தக் குடும்பம் விடவில்லை. வந்தனாவுக்கும் ஷ்யாமளாவுக்கும் கூடப்பிறந்த ஆண் கிடையாது. இவர்கள் இரண்டு பேர்தான்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் சுந்தரராமன்.

சுந்தரராமன் இவர்களுக்கு இரண்டு விட்ட அண்ணா. நெருளில் இருக்கிறார். அம்மான் இல்லாத கல்யாணப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் அம்மான். எங்கே தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டாலும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்.

"இதுவரைக்கும் பதினாலு பொண்ணு. ஒருத்தியைக் கீழே போட்டதில்லை. கொல்லங்கோட்டுப் பொண்ணு ஒருத்தி எழுபத்தெட்டு கிலோ, கேட்டியா? அவளையே பூக்கூடை மாதிரி தூக்கிட்டேன்."

"வேண்டாம் அண்ணா," என்றாள் ஷ்யாமளா. "மானசாவை நான் தூக்கறேன்."

கையில் காபி டம்ளர்களை அடுக்கிய தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் போட்டிருந்தது பழைய நைட்டி, கை அரைச்சாணுக்கு மேல் இல்லை. சுந்தரராமன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவள் மேல்கையின் அடியில் தொங்கிய சதையை விரலால் சுட்டிக்காட்டினார்.

"எந்தக் கையாலடி? இந்தக் கையாலயா? இதைத் தூக்கவே ஒரு அம்மான் வேணுமே!"

அப்போதுதான் சிரித்தார்கள். வந்தனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததும் சட்டென்று நிறுத்தினாள். ஆனால் சிரித்தது சிரித்ததுதான்.

ஷ்யாமளா ஒவ்வொருவருக்கும் காபி கொடுத்தாள். சுந்தரராமனுக்குக் கொடுக்கும்போது, "ஏழு மாசம் இருக்கு அண்ணா," என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. கோட்டைப் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபத்தெட்டு வருஷமாக கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்காவோடு ஒரே வீடு. ஏன் என்று கேட்பதைச் சொந்தக்காரர்கள் நாற்பது வயதோடு நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு விசேஷங்களில் அவளை ஸ்டோர் ரூம் சாவிக்குப் பொறுப்பாளியாக்கினார்கள். வந்தனாவின் கணவர் பன்னிரண்டு வருஷம் மஸ்கட்டில் இருந்தார். அந்தப் பன்னிரண்டு வருஷமும் மானசாவை இரண்டு பேர்தான் வளர்த்தார்கள். வந்தனாவுக்குக் காலேஜ் லைப்ரரியில் இரண்டாம் ஷிஃப்ட். ஆகவே பள்ளிக்கூடத்தில் விடுவது ஒருத்தி, கூட்டி வருவது ஒருத்தி. கூட்டி வந்தது ஷ்யாமளா.

ஹார்பர் லைன் ட்ரெயினில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, தலைப்பை இழுத்து மேல்கையை மூடிக்கொள்வது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. எந்த வருஷம் அது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. அந்தத் திங்கட்கிழமை காலை அப்படி மூடிக்கொண்டபோதுதான், தான் என்ன செய்கிறோம் என்பதை முதல் தடவையாகப் பார்த்தாள்.

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், குஜராத்திப் பலகாரங்கள் விற்கிற ஃபர்சாண் கடைக்கு மேலே முதல் மாடியில் ஒரு ஜிம் இருந்தது. காலை ஆறிலிருந்து எட்டு வரை பெண்களுக்கு மட்டும். வாசலில் ஒரு பேனர்: லேடீஸ் ஸ்பெஷல், ஆர்ம் டோனிங், எட்டே வாரத்தில் ஸ்லிம் கை. கீழேயிருந்து ஃபாஃப்டா பொரிக்கும் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. சேர்ந்த அன்று அவள் கையில் இரண்டு பிங்க் டம்பெல்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. கண்ணாடி முன்னால் நின்று மடக்கி நீட்டினாள். மூன்று நாள் அப்படியே போயிற்று.

நான்காம் நாள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யக்கா, எந்தக் கொழந்தைக்கு கிலுகிலுப்ப ஆட்டுதீய?"

பேசியது ட்ரெய்னர் சுனிதா. முப்பது வயதுக்குள் இருக்கும். தாராவியிலிருந்து முதல் பஸ்ஸில் வருபவள். பவர்லிஃப்டிங்கில் இரண்டு மெடல் வாங்கியவள். கதவை அடைக்கிற தோள். ஜிம்முக்கு வரும் பெண்கள் எல்லோரோடும் இந்தியில் பேசுகிறவள், ஷ்யாமளா ஃபோனில் யாரோடோ தமிழ் பேசியதைக் கேட்டதும் அன்றைக்குத் திருநெல்வேலித் தமிழுக்கு மாறிவிட்டாள்.

"ஃபார்ம்ல டோனிங்னு போட்டிருக்கீய. கை மெலியணும், அவ்வளவுதானே?"

"மெலிஞ்சா மெலியட்டும், இல்லாட்டா போகட்டும். எனக்கு அம்பத்தி மூணு கிலோ தூக்கணும்."

சுனிதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என்னத்துக்கு?"

ஷ்யாமளா சொன்னாள். மாலை, அம்மான், அண்ணாவின் விரல், ஏழு பேர், எல்லாவற்றையும் சொன்னாள். சுனிதா சிரிக்கவில்லை. பிங்க் டம்பெல்களை அவள் கையிலிருந்து வாங்கி ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டு வந்தாள்.

"கேளுங்கக்கா. ஒரு எடத்துச் சதைய மட்டும் கரைக்கதுன்னு ஒண்ணு கெடையாது. அந்த பேனர் எங்க சேட்டு எழுதுனது, அத விடுங்க. மேல்கையில மூணுல ரெண்டு பங்கு பின்பக்கந்தான் இருக்கு. எல்லாரும் முன்பக்கத்தையே மடக்கிட்டு நிக்காவ. பின்பக்கம் வளந்தாத்தான் கைக்கு ஒரு கோடு விழும். ஆனா கைய மட்டும் வச்சு ஆளத் தூக்க முடியாது. காலு, இடுப்பு, முதுகு, தோளு, கடேசிலதான் கை. எல்லாத்தையும் செய்வீயளா?"

"செய்யறேன்."

"அழுவீய."

"அழுதுண்டே செய்யறேன்."

அழவும் செய்தாள். முதல் வாரம் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. ரசத்துக்குத் தாளிக்கிற கரண்டி கனத்தது. ஆபீசில் அலமாரியின் மேல் தட்டில் இருந்த ஃபைலை எடுக்க ப்யூனைக் கூப்பிட்டபோது, அவன் உடம்பு சரியில்லையா என்று கேட்டான். ஜிம்மில் முதலில் சுவரைத் தள்ளினாள். பிறகு பெஞ்சைத் தள்ளினாள். ஹோலி வந்தபோது தரையில் முழங்கால் ஊன்றி மூன்று புஷ்-அப். விஷுவுக்கு முழங்கால் ஊன்றாமல் ஒன்று. அந்த ஒன்றை எடுத்து முடித்ததும் தரையிலேயே கவிழ்ந்து படுத்துவிட்டாள். பக்கத்தில் ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த குஜராத்திப் பெண்மணி இறங்கி வந்து கை தட்டினாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் கைக்கு வேலை. நடுவில் ஓய்வு கட்டாயம். ஓய்வு நாளிலும் வந்து நின்ற ஷ்யாமளாவை சுனிதா வாசலிலேயே மறித்தாள். "ஆராம்சே யக்கா. சத தூங்கும்போதுதான் வளரும். போயி ட்ரெயினப் புடிங்க."

சாப்பாட்டில்தான் தகராறு வந்தது.

"முட்ட?" என்றாள் சுனிதா.

"எங்காத்துக்குள்ள முட்டை நுழையாது."

"எங்க வீட்டுல கோழியே நொழஞ்சு வெளையாடும். சரி. பருப்பு, பனீர், சோயா, கட்டித் தயிரு. சோத்தக் கொறைச்சு கூட்டக் கூட்டுங்க."

வந்தனாவுக்கு இது பொறுக்கவில்லை. தங்கையின் தட்டில் சாதத்தை விடப் பாசிப்பருப்பு அதிகமாக இருப்பதைப் பார்த்து, "இது என்னடி, பத்தியமா?" என்றாள். ஷ்யாமளா பருப்பில் இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதை அவள் அந்தச் சமயத்தில் விட்டிருந்தாள்.

சுனிதாவுக்கும் ஒரு கதை இருந்தது. அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "எங்க அம்ம லூர்து மேரி வெள்ளிக்கெழம தவறாம மாதாகிட்ட மெழுகுதிரி கொளுத்துதா. என் தோளு சுருங்கணுமாம். அப்பத்தான் மாப்ள அமையுமாம். நானும் கூடப் போயி ஒரு திரி கொளுத்திட்டு வாரேன், இன்னும் அஞ்சு கிலோ கூடத் தூக்கணும்னு. மாதா யாரு பக்கம்னு பாப்போம்."

சித்திரை வெயிலில் ஷ்யாமளாவின் கை மாறத் தொடங்கியது. மெலியவில்லை. அதுதான் வேடிக்கை. சதை தொங்கிய இடம் மேலே ஏறி இறுகி, தோள் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளமும் அதற்குக் கீழே ஒரு மேடும் வந்தது. ட்ரெயினில் ஒரு நாள் கைப்பிடியைப் பிடித்து நின்றபோது, எதிரே நின்ற மராத்திக் காலேஜ் பெண் அவள் கையையே பார்த்துவிட்டு, "ஆண்ட்டி, ஜிம்?" என்றாள். ஷ்யாமளா தலைப்பைத் தேடவில்லை. "ஹாங், ஜிம்," என்றாள். குர்லா வரும் வரை அந்தக் கையை இறக்கவும் இல்லை.

ஆடி மாதம் அறுபது கிலோ மணல் மூட்டையைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். அதன் பிறகுதான் மானசாவையே தூக்கிப் பார்த்தாள். ட்ராக் பேண்டும் டீ-ஷர்ட்டுமாக நின்ற மானசா, "சித்தி, மெதுவா," என்று சொல்லி முடிப்பதற்குள் மேலே போய், கூடத்து ஃபேனுக்குப் பயந்து குனிந்துகொண்டாள். ஒரு தரமில்லை, மூன்று தரம். வந்தனாவின் கணவர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா," என்றார். அவர் பேசுவதே அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. முகூர்த்தப் பட்டு வந்து, மானசா அதைக் கட்டிப் பார்த்தாள். ஷ்யாமளாவும் முழங்கை வரை நீண்ட பட்டு ரவிக்கையைப் போட்டு, தன் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டாள். "ஒரு ட்ரையல் பாத்துடலாம்," என்றாள்.

குனிந்தாள், கட்டிப் பிடித்தாள், எழுந்தாள். மானசா பாதி உயரம் போனாள். அங்கிருந்து, எண்ணெய் தடவிய வாழைத்தண்டு மாதிரி, ஷ்யாமளாவின் இரண்டு கைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு நேராகக் கீழே வந்தாள். திவான் நுனியில் முழங்கை இடித்தது. "அம்மா!" என்று கத்தினாள்.

ஏழு மாதம் இரும்பையும் மணலையும் டீ-ஷர்ட்டையும் தூக்கியிருந்தாள். கல்யாணத்தில் தூக்கப்போவது பட்டை என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. பட்டிலேயே பிறந்து பட்டிலேயே வளர்ந்த குடும்பம்.

வந்தனா ஐஸ் கட்டியை ஒற்றி எடுத்துக்கொண்டே சொன்னாள், "போறும் ஷ்யாமளா. ஆசை தீர்ந்துதோல்லியோ? எம்பொண்ணு கையை ஒடிச்சுண்டு மணையில உக்கார முடியாது." அன்று சாயங்காலமே சுந்தரராமனுக்கு ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பதில் சமையலறை வரை கேட்டது. "நான் அப்பவே சொன்னேனே. பதினஞ்சாவது பொண்ணு, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை சுனிதா முழுக் கதையையும் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பட்டு மேல பட்டு வழுக்காம? நீங்க போட்டுருக்க ரவிக்கையும் பட்டு, அந்தப் புள்ள சீலையும் பட்டு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரவ. எப்படிப் புடிக்கும்? நாளைக்கு ஒரு பழைய பட்டுச்சேல கொண்டாங்க."

மறுநாள் ஷ்யாமளாவின் பழைய அரக்குப் பட்டை மணல் மூட்டைக்குச் சுற்றினார்கள். மூட்டைக்குக் கொசுவம் வைத்து இடுப்பில் கயிறு கட்டியதும், ஜிம்மே வேலையை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றது. குஜராத்திப் பெண்மணி அதன் நெற்றியில் தன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினாள்.

"சலோ. மொதல்ல மேல் சட்டைய மாத்துங்க. கை இல்லாதது போடுங்க," என்றாள் சுனிதா. "தோல்தான் பட்டப் புடிக்கும். இடுப்புல புடிக்காதீய, தொடைக்குக் கீழ கையக் குடுங்க. பட்ட நம்பாதீய, அது யாரையும் தாங்காது. உங்க மணிக்கட்ட நீங்களே புடிச்சுக்கோங்க. வலது கை இடது மணிக்கட்ட. ஆங், பூட்டு மாரி. இப்ப கால்லேந்து எந்திரிங்க."

மூட்டை எழுந்தது. இறக்கினாள். மறுபடி எழுந்தது. பத்தாவது தரம் கைகள் நடுங்கின, ஆனால் மூட்டை வழுக்கவில்லை. பட்டுச்சேலை தோலில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அன்று ஆபீஸ் விட்டதும் ஷ்யாமளா வீட்டுக்குப் போகவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மெஹராஜ் டெய்லரிடம் போய், கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை மேஜையில் வைத்தாள். மெஹராஜ் இந்தக் குடும்பத்துக்கு இருபது வருஷமாகத் தைப்பவர்.

"கை டைட்டா இருக்கா மேடம்? போன தடவையே பார்த்தேன், உங்க கை அளவு ஒண்ணரை இஞ்சு கூடியிருக்கு. பிரிச்சு விட்டுர்றேன்."

"பிரிக்க வேண்டாம். வெட்டிடுங்கோ."

"எது வரைக்கும்?"

ஷ்யாமளா தோள் முனையில் விரலை வைத்துக் காட்டினாள். மெஹராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஸ்லீவ்லெஸ்ஸா? அக்காவுக்குத் தெரியுமா?"

"கை என்னுது மெஹராஜ் பாய்."

அவர் கத்தரியை எடுத்தார். வெட்டிய இரண்டு கைகளையும் மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார். எதையும் வீணாக்க மாட்டார்.

வந்தனா அந்த ரவிக்கையைப் பார்த்தது கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, பெட்டி அடுக்கும்போது. விரித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன கூத்து? அம்பத்தோரு வயசுல மணமேடைல ஸ்லீவ்லெஸ்ஸா? சம்பந்தி ஆத்துல என்ன நினைப்பா?"

"தூக்கறதுக்கு அதாக்கும் சௌகரியம்."

"நீ தூக்கலை. சுந்தரராமன் அண்ணா தூக்கறார். பேசியாச்சு."

"யாரைக் கேட்டுப் பேசினே?"

"யாரைக் கேக்கணும்? ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்கு. பொம்மனாட்டி தூக்கி எங்கேயாவது பாத்திருக்கியா?"

ஷ்யாமளா பெட்டியை மூடி அதன் மேல் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, பம்பாயே முழுகித்தே, அந்த ஜூலை மழை ஞாபகம் இருக்கா? மானசாவுக்கு ஏழு வயசு. ட்ரெயின் இல்லை, பஸ் இல்லை, ஃபோன் இல்லை. நீ காலேஜ்ல மாட்டிண்டே. ஸ்கூல் வாசல்ல இடுப்பளவு தண்ணி. ஸ்கூல்லேந்து இங்க வரைக்கும் அவளைத் தோள்ல வெச்சுண்டு நாலு மணி நேரம் நடந்தேன். அவ கால்ல வெள்ளம் படவே இல்லை. அன்னிக்கு நெருள்லேந்து எந்த அம்மானும் வரலை. பொம்மனாட்டி தூக்கப்படாதுன்னு யாரும் சொல்லவும் இல்லை."

வந்தனா ரவிக்கையின் தோள் முனையை விரலால் நீவினாள்.

"நான் அதைச் சொல்லிக் காட்டினதே கிடையாது. இன்னிக்கும் சொல்லிக் காட்டலை. ஆனா தண்ணில தூக்கறதுக்கு நான், மேளத்துல தூக்கறதுக்கு வேற ஆளுன்னா ஒத்துக்க மாட்டேன். அன்னிக்கு எல்லாரோடயும் சேர்ந்து நீயும் சிரிச்சே. அது பரவாயில்லை. ஆனா நான் தூக்குவேன்."

"அண்ணாகிட்ட சொல்லியாச்சேடி," என்றாள் வந்தனா, ரவிக்கையை மடித்தபடி. குரல் இறங்கியிருந்தது. "இப்போ வேண்டாம்னா அவர் கோவிச்சுப்பார்."

"கோவிச்சுக்கட்டும்."

கல்யாண நாள் காலை மழை விட்டிருந்தது. மாட்டுங்கா மண்டபத்தில் முந்நூறு பேர். முன் வரிசையில் சுனிதா, புடவையில், தோளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நாகஸ்வரம் வேகம் எடுத்தது. வாத்தியார் மைக்கில்லாமலேயே கூடம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்: "அம்மான் வாங்கோ! ரெண்டு பக்கத்து அம்மானும் வாங்கோ! நாழியாறது!"

எதிர்ப் பக்கத்தில் நகுலுக்கு இரண்டு அம்மான்கள், இரண்டு பேரும் நல்ல ஆகிருதி. இந்தப் பக்கம் சுந்தரராமன் வேஷ்டியை வரிந்து கட்டி, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு மேடை ஏறினார். அவருக்குப் பின்னாலேயே ஷ்யாமளா ஏறினாள். பச்சைப் பட்டு, தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது, இரண்டு கைகளும் தோளிலிருந்து வெறுங்கை. கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து பின் வரிசை வரை போய்த் திரும்பியது. சம்பந்தி மாமி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ கேட்டாள்.

சுந்தரராமன் திரும்பிப் பார்த்தார். முதலில் அவள் முகத்தையல்ல, கையைப் பார்த்தார்.

"ஷ்யாமளா, சபையில வெச்சு விளையாடாதே," என்றார் மெல்ல. "நான் தூக்கறேன். நீ சும்மா பக்கத்துல கை வெச்சுண்டு நில்லு. போட்டோல நீயும் விழுவே."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் மனத்தாங்கல் வராது, வந்தனாவுக்கும் நிம்மதி. இத்தனை வருஷமாக ஷ்யாமளா இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கெல்லாம் தலையாட்டித்தான் பழக்கம்.

"வேண்டாம் அண்ணா. நீங்க பக்கத்துல கை வெச்சுண்டு நில்லுங்கோ. போட்டோல நீங்களும் விழுவேள்."

சுந்தரராமன் வந்தனாவைப் பார்த்தார். ஷ்யாமளாவும் பார்த்தாள். மானசா மாலையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். வந்தனா ஒருவரையும் பார்க்கவில்லை. குனிந்து, ஷ்யாமளாவின் காலடியில் இருந்த சீர்த்தட்டை எடுத்தாள். பிறகு அடுத்த தட்டை எடுத்தாள். தங்கை கால் அகட்டிக் குந்துவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் பண்ணிவிட்டு நிமிர்ந்தாள்.

ஷ்யாமளா குந்தினாள். வெறுங்கைகளைப் பட்டுக்குக் கீழே கொடுத்தாள். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்தது.

"கால்லேந்து யக்கா!" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் மேளத்தைத் தாண்டி வந்தது. "மூச்ச அடக்காதீய!"

எழுந்தாள். இடது முழங்கால் ஒரு கணம் ஆடியது, நின்றது. மானசா மேலே இருந்தாள். கூட்டம் கூச்சல் போட்டது. எதிரே இரண்டு அம்மான்களும் நகுலைத் தூக்கினார்கள். முதல் மாலை விழுந்தது. இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி. இரண்டாவது மாலை. மூன்றாவது தரம் எதிர்ப் பக்கத்து அம்மான்கள் ரோஷம் வந்து நகுலைத் தோளிலேயே ஏற்றிவிட்டார்கள். அவன் தலை தோரணத்தைத் தொட்டது. ஷ்யாமளா கால் விரல்களில் எம்பி, மானசாவை நெஞ்சிலிருந்து இன்னும் ஒரு சாண் மேலே தள்ளினாள். மேல்கையின் பின்பக்கத்தில், சுந்தரராமன் விரல் காட்டிய அதே இடத்தில், கயிறு முறுக்கியது மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. மாலை நகுலின் கழுத்தில் விழுந்தது.

முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். வீடியோக்காரன் பைசான் மட்டும் கேமராவைத் தட்டிக்கொண்டு கையைத் தூக்கினான்.

"சாரி ஆண்ட்டி, கடைசி ரவுண்டு பதிவாகலை. ஒன் மோர் டைம்! ரெண்டு சைடும்!"

எதிர்ப் பக்கத்தில் பெரிய அம்மான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "போறும்ப்பா, எங்களால ஆகாது," என்றார் மூச்சிரைக்க. சின்ன அம்மான் ஏற்கெனவே நாற்காலி தேடிப் போயிருந்தார். நகுல் தரையில் தனியாக நின்றான்.

"பொண்ணு சைடு?" என்றான் பைசான்.

ஷ்யாமளா குந்தினாள். கை, பட்டு, மணிக்கட்டு. எழுந்தாள்.

நகுல் இரண்டு கைகளாலும் மாலையைத் தூக்கி நீட்டினான். எட்டவில்லை. குதித்தான். ஒரு சாண் குறைந்தது. கூடம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்கக் கிளம்பியவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். வந்தனா கையில் தட்டோடு, வாயைப் பொத்தாமல் சிரித்தாள். சுந்தரராமன், ஷ்யாமளா நிற்கச் சொன்ன இடத்தில் கையை நீட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இறக்குங்கோ மாமி, பாவம் பையன்," என்று யாரோ அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்கள்.

"எம்பட்டும்," என்றாள் ஷ்யாமளா.

நகுல் மறுபடி குதித்தான். மானசா மேலிருந்து குனிந்து, சித்தியின் காதருகே வந்தாள். அவளுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது.

"சித்தி, உன் கை நடுங்கறது. இறக்கு, போறும். எல்லாரும் உன்னையே பாக்கறா."

நடுங்கத்தான் செய்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை, மறைக்க ஒரு நூல்கூட இல்லாமல் நடுங்கியது. ஷ்யாமளா மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பாக்கட்டும்," என்றாள்.